தானியேல் ஐயரின் புதன்கிழமை மணி

மெதடிஸ்ட் சபை தானியேல் ஐயரை உத்திரமேரூர் சேகரத்துக்கு அனுப்பியது 1974ஆம் வருடக் கோடையில். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவப் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் அழைப்பார்கள். சேகரம் என்பது ஒரு போதகர் கவனிக்க வேண்டிய ஊர்களின் தொகுப்பு. மாகறல், காவாந்தண்டலம், சாலவாக்கம் பக்கத்துக் குக்கிராமங்கள் என்று பரந்து கிடந்த அந்தத் தொகுப்புக்கு சபை கொடுத்திருந்த வாகனம் ஒரு சைக்கிள். போதகர் எவரும் ஓரிடத்தில் வேர்விடக் கூடாது என்பது மெதடிஸ்ட் வழக்கம். சில வருடங்களுக்கு ஒருமுறை மாநாட்டில் பெயர்களை வாசித்து ஆளை மாற்றிவிடுவார்கள். உத்திரமேரூருக்கு வர வேறு யாரும் ஆசைப்படாததால் இவர் மட்டும் எட்டு வருடம் இருந்தார். அந்த எட்டு வருடமும் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

அவரைப் பெரிய மனிதர் என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒருவர் குளிக்கும்போது பாடுகிற கீர்த்தனையை எட்டு வருடம் சுவர் வழியாகக் கேட்டவன் அப்படியெல்லாம் சுலபமாகச் சொல்லிவிட மாட்டான். வருகிறேன் என்று சொன்ன ஊருக்கு அவர் வராமல் இருந்ததில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். பசியோடு வருகிறவனிடம் உபதேசம் செய்ய மாட்டார். முதலில் சோறு போடச் சொல்வார். சாப்பிட்டு முடித்த பிறகு செய்வார். கை கழுவியவன் எழுந்து ஓடவும் முடியாது.

உபதேசம் என்றால் அவருக்கு நீளம்தான் ஆழம். ஒரு கேள்வி கேட்டால் ஆதியாகமத்தில் ஆரம்பித்து, வழியில் இருக்கிற எல்லா ஊரிலும் நின்று, கடைசியில் பதிலுக்கு வந்து சேருவார். "உங்க பிரசங்கத்துல ஏறினா டவுன் பஸ்ஸு மாதிரிதான்" என்று ஐயரம்மாவே ஒருமுறை சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

அவருக்கு மனத்தில் ஒரு குறை இருந்தது. அவருடைய சபையார் எல்லோரும் தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள். அவர் ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்தது எல்லாம் கைக்குழந்தைகளுக்குத்தான். யோசிக்கத் தெரிந்த ஒரு வளர்ந்த மனிதர், தன்னோடு வாதாடி, கேள்வி கேட்டு, பதிலில் நியாயம் இருக்கிறது என்று கண்டு, தானாக மனம் திரும்பி வர வேண்டும். அப்படி ஒரே ஒரு ஆள் வந்தால் போதும், ஊழியம் வீண் இல்லை என்று நினைத்தார். இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆள் நானாக இருக்கலாம் என்று முதல் வருடத்தில் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அது நீடிக்கவில்லை.

ஆள் கிடைத்தது மேல்தண்டலத்தில்.

மேல்தண்டலம் உத்திரமேரூரிலிருந்து ஏரிக்கரையோடு போகிற ரோட்டில் இருக்கிறது. ஊர் முனையில் தாமோதர ரெட்டியார் வீடு. ஊரைத் தாண்டினால் காலனி. காலனியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெப வீடு. அதன் முன்னால் பூவரச மரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. அதுதான் மணி. புதன்கிழமை சாயங்காலம் அங்கே ஜெபக் கூட்டம். காலனியில் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பங்களும் உண்டு. இரு சாராரும் வேலை செய்வது ரெட்டியாரின் கழனியில்.

அந்த மணிக்குப் பின்னால் ஒரு பழைய வாக்கு இருந்தது. ரெட்டியாரின் அப்பா காலத்தில் ஊரில் காலரா வந்தபோது மிஷன் துரை ஒருவர் வந்து தங்கி மருந்து கொடுத்து, அந்த வீட்டிலேயே இரண்டு பேரைப் பிழைக்க வைத்தாராம். என்ன வேண்டும் என்று பெரியவர் கேட்டதற்கு துரை, புதன்கிழமை ஐந்து மணிக்கு ஜெப மணி அடித்தால் கழனியில் இருக்கிறவர்களைக் கரையேற விட வேண்டும், அது போதும் என்றார். பெரியவர் வெற்றிலை பாக்கோடு வாக்குக் கொடுத்தார். மணி அடித்தால் யாராக இருந்தாலும் கரையேறலாம், யாரும் தடுக்கக் கூடாது. பிற்காலத்தில், ஐயருக்கு உதவியாக ஊரிலேயே இருக்கும் உபதேசியார் ஒருவர், ஐயர் வராத நாளிலும் மணியை அடித்துவிட்டதால், அந்த வாக்குக்கு ஒரு நிபந்தனையும், ஊர்ப் பேச்சில் ஒரு கட்டு, சேர்ந்தது: ஐயரின் சைக்கிள் பூவரச மரத்தில் சாய்ந்த பிறகுதான் மணி அடிக்க வேண்டும்.

மற்ற நாட்களில் வேலை பொழுது சாயும்வரை. பொழுது எப்போது சாய்ந்தது என்பதில் கரையில் நிற்கிறவருக்கும் சேற்றில் நிற்கிறவர்களுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. புதன்கிழமை மட்டும் சூரியன் நன்றாக இருக்கும்போதே, ஐந்து மணிக்கு, கால் கழுவலாம். அடுத்த ஊரில் அன்றைக்குச் சந்தை வேறு. ஐந்துக்குக் கரையேறினால் நல்ல கத்தரிக்காயும் கருவாடும் பார்த்து வாங்கலாம். இருட்டிப் போனால் கூடையின் அடியில் கிடப்பதுதான். இந்தக் காரணத்தால் மாரியம்மன் பக்தைகளும் புதன்கிழமை ஜெப வீட்டில் எட்டிப் பார்த்து, ஒரு பாட்டுக்கு இருந்துவிட்டுப் போவார்கள். மணிக்குக் கொடுக்கிற மரியாதை அது.

தாமோதர ரெட்டியார் அப்பாவின் வாக்கை மீறுகிற மனிதர் அல்ல. வாக்கு அவருக்கு உயிர். மீறாமலே அதைச் சமாளிப்பது எப்படி என்று யோசித்தவர், ஐயரின் சைக்கிள் தன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதைக் கவனித்தார்.

ஒரு புதன்கிழமை, நடவு மும்முரமாக இருந்த சமயம், சைக்கிள் வந்தது.

"ஐயரே, கொஞ்சம் எறங்கு. ரொம்ப நாளா ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ரெட்டியாரே."

"உங்க சாமி ஒண்ணுன்றீங்க. அப்பறம் பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணுன்றீங்க. மூணு எப்டி ஒண்ணாவும்? எனக்கு ராத்திரியெல்லாம் இதே ரோசனை."

ஐயர் சைக்கிளை அங்கேயே நிறுத்தினார். ரெட்டியாரின் மனைவி ராணியம்மாள் காபியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் ரெட்டியார், "இப்ப கொஞ்சம் தெளிஞ்சாப்ல கீது. மீதி அடுத்த வாரம்" என்று எழுந்தார். அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

அன்று ஐயர் வீடு திரும்பியபோது சுவருக்கு இந்தப் பக்கம்வரை அவர் சந்தோஷம் கேட்டது.

ரெட்டியாரின் தேடல் வருடக்கணக்கில் நடந்தது. எந்தக் கேள்வி எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவர் சீக்கிரமே கணித்துவிட்டார். நடவுக்குத் திரித்துவம். களையெடுப்புக்கு ஆத்துமா. அறுவடை நெருக்கடியில் நியாயத்தீர்ப்பு; அது ஆரம்பித்தால் நிலா வந்துவிடும். கழனியில் வேலை இல்லாத வாரங்களில் ரெட்டியார் வாசலிலிருந்தே கும்பிடு போட்டு ஐயரை வழியனுப்பிவிடுவார். கோடையில் ஏரி வற்றும்போது அவருடைய ஆன்மிகத் தாகமும் வற்றிவிடும்.

"வெயில் காலத்தில் மனித மனம் சோர்ந்துபோகிறது" என்று ஐயர் எனக்கு விளக்கினார். "மழை வந்ததும் பாருங்கள், மறுபடி கேட்பார்."

"கேட்பார்" என்றேன். காரணத்தையும் காரியத்தையும் பற்றி நிறையப் படித்திருந்தும், ஏரித் தண்ணீருக்கும் திரித்துவத்துக்கும் உள்ள சம்பந்தம் எனக்கும் அப்போது தோன்றவில்லை.

தோன்றாதவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். மேல்தண்டலத்தில் கழனியில் இறங்குகிற எல்லோருக்கும் அது தெரியும். ராணியம்மாளுக்கு நன்றாகவே தெரியும். "இந்த மன்சன் ரட்சிக்கப்படறதுக்குள்ள என் எண்ணெ டின்னு தீந்துடும்" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

ஐயரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. உபதேசியார் சாமுவேல், மணி அடிக்கும் பொறுப்பு அவருடையது, ஒருமுறை முயன்றார்.

"ஐயரே, ரெட்டியாரு நடவு சமயத்துல மட்டும் நம்மள நிறுத்திக் கேக்கறாரே, அது இன்னாத்துக்குன்னு..."

"சாமுவேல், ஆவியானவர் எந்தக் காலத்தில் ஒரு மனிதனைத் தொடுவார் என்று நீ கால அட்டவணை போடுகிறாயா?"

"அட்டவணை ரெட்டியாருதான் போட்டுக்கீறாரு, ஐயரே."

"ஒரு ஆத்துமா வாசல்வரை வந்திருக்கிறது. சந்தேகப்பட்டுத் துரத்தாதே."

அதற்கடுத்து ஐயர் செய்ததுதான் கொடுமை. ஒவ்வொரு புதன்கிழமையும், "சத்தியத்தைத் தேடுகிற நம்முடைய அருமைப் பெரியவருக்காகப் பொறுமையோடு ஜெபிப்போம்" என்று ஆரம்பித்தார். மெதடிஸ்ட் ஜெபக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் வாய்விட்டு ஜெபிக்கலாம். ஆகவே ரெட்டியார் கழனியில் இருட்டும்வரை நாற்று நட்ட பெண்கள், சேறு காயாத காலோடு உட்கார்ந்து, ரெட்டியாருடைய தேடல் தொடர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள்.

செங்கேணி என்றொருத்தி இருந்தாள். நடவில் முன்வரிசை, பேச்சிலும் முன்வரிசை. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஒருநாள் பொறுக்காமல் அவளும் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, நான் உம்ம ஆளு இல்ல, அது உமக்கே தெரியும். ஆனாலும் கேக்கறேன். அந்த ரெட்டியாரெ சீக்ரமா ரட்சிச்சித் தொலைச்சிடும். இல்லன்னா ரட்சிக்கவே வாணாம், வுட்டுடும். ரெண்டுல ஒண்ணு செய்யும். நடுவுல வெச்சிக்கினு இழுக்காதியும். எங்களுக்குச் சந்தை கீது. ஆமென்."

கூட்டம் முழுவதும் ஆமென் என்றது. அவ்வளவு சத்தமாக அந்தத் தகரக் கூரை எந்த ஆமெனையும் கேட்டதில்லை என்று சாமுவேல் சொல்வார். ஐயர் கண் கலங்கிவிட்டார். புறமதத்துப் பெண்ணுக்கு ஒரு ஆத்துமாவின் மேல் இத்தனை பாரம் இருக்கிறதே என்று மறுநாள் என்னிடம் வந்து சொன்னார்.

இது இப்படியே ஓடியிருக்கும். 1979இல், மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிய வருடம், ஒரு புதன்கிழமை ரெட்டியார் ஒரு கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போக நேர்ந்தது. நடவு பாதிதான் முடிந்திருந்தது. ஐயரை நிறுத்துகிற பொறுப்பை அவர் தன் கழனி வேலைகளை மேற்பார்வை செய்யும் சடையப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனார். சடையப்பன் ஏர் பிடிப்பதிலும் ஆளை விரட்டுவதிலும் கெட்டிக்காரன். ரோட்டின் நடுவில் கையை அகல விரித்து நின்றான்.

"ஐயரே, எறங்குங்க. ஒக்காருங்க."

"ரெட்டியார் இல்லையா?"

"காஞ்சிவரம் போய்க்கீறாரு. ஒக்காருங்க."

"எதுக்குப்பா?"

"ஆத்துமா."

"ஆத்துமாவுக்கு என்ன?"

"அது இன்னான்னு சொல்லுங்க."

இரண்டாவது ஆளும் தேடி வருகிறானே என்று ஐயர் பரவசமாக உட்கார்ந்தார். ராணியம்மாள் பஜ்ஜியை வைத்துவிட்டு நிலைப்படி ஓரமாக நின்றாள். ஐயர் ஆதியாகமத்தில் தொடங்கினார். ஆனால் எதிர்க் கேள்வி கேட்டால்தான் அவருக்கு ஊர் ஊராக நிற்க முடியும். சடையப்பன் மேற்கே சூரியனைப் பார்த்துக்கொண்டே "சரி", "ரைட்டு", "அதான் நாயம்" என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பேச்சு எங்கும் நிற்காமல் ஒரே ஓட்டமாகப் போய் முடிந்துவிட்டது.

"அப்பறம்?" என்றான் சடையப்பன்.

"அவ்வளவுதான்."

"அவ்ளோதானா? ரெட்டியார் நைனா கேக்கச் சொல்லோ பொயுது போறவரைக்கும் சொல்லுவீங்களே!" அவன் முகத்தில் உண்மையான கலவரம். "இருங்க, இருங்க. இன்னொண்ணு கீது. மூணு ஒண்ணு. மூணு எப்டி ஒண்ணாவும்?"

"இது ரெட்டியார் கேட்ட கேள்வி ஆச்சே?"

"ஆமா, அவர்தான் சொல்லிட்டுப் போனாரு. ஆத்துமா சீக்ரம் முடிஞ்சிடிச்சின்னா மூணு ஒண்ண எடுத்துக்கடான்னாரு. இன்னும் ரெண்டு கழனி நடவு பாக்கி கீதே, ஐயரே. நீங்க இப்பவே போயிட்டா மணி அடிச்சிடுவாங்க, பொம்பளைங்க அத்தினி பேரும் கரையேறிடுவாளுங்க. நைனா வந்து என்னெத்தான் கேப்பாரு. ஒரு மூணு ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"அட பாவி!" என்றாள் ராணியம்மாள்.

ஐயர் கையில் பாதி பஜ்ஜி இருந்தது. அதைத் தட்டில் வைப்பதா, தின்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்று கேட்டார், "எல்லா புதன்கிழமையும் இப்படித்தானா?"

"நான் இன்னான்னு சொல்றது, ஐயரே?" என்றாள் அவள் தலையைக் குனிந்துகொண்டு. "பஜ்ஜி மட்டும் நெசம்."

ஐயர் எழுந்து சைக்கிளில் ஏறினார். ஜெப வீட்டுக்குப் போய் மரத்தில் அதைச் சாய்க்கவில்லை; கீழே போட்டுவிட்டார். சாமுவேலின் கையிலிருந்து இரும்புக் கம்பியை வாங்கி, தண்டவாளத்தைத் தானே அடித்தார். அவர் அடித்த அடியில் நெருப்பு பிடித்துவிட்டது என்று நினைத்துச் சிலர் குடத்தோடு ஓடி வந்தார்களாம்.

பெண்கள் கரையேறி வந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. ஐயர் வேதத்தைத் திறக்காமல் நின்றார்.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

செங்கேணிதான் சொன்னாள்: "தெரியும், ஐயரே."

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"எப்டி சொல்றது? நீங்க அந்த வூட்டு வாசல்லேர்ந்து வரச் சொல்லோ உங்க மூஞ்சியப் பாத்துக்கீறீங்களா? கல்யாண மாப்ள கணக்கா வருவீங்க. அதெ எவ போயி ஒடைப்பா?"

"உங்கள் சந்தை..."

"சந்தை போச்சு. அதுக்கு இன்னா பண்றது? சுண்டக் காய்ச்சின கொழம்புதான்."

ஐயர், "இன்றைக்கு ஜெபம் முடிந்தது. சந்தைக்குப் போங்கள்" என்றார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே?" என்றார் சாமுவேல்.

"என் பேச்சைக் கேட்டு இவர்கள் இத்தனை நாள் பண்ணின ஜெபமே போதும்."

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று, "கேள்வி பொய்யாக இருந்தாலும் நீங்கள் சொன்ன பதில் பொய்யாகிவிடாதே" என்றேன்.

"அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. பதிலின் நீளம்தான் தேவைப்பட்டது" என்றார். "அதை நான் தாராளமாகக் கொடுத்தேன்."

எட்டு வருடத்தில் அவர் சொன்னவற்றில் எனக்குப் பிடித்த வாக்கியம் இதுதான். சுருக்கமாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

காலனியில் வேறு விதமாக யோசித்தார்கள். கட்டு என்ன சொல்கிறது? ஐயர் வந்தால் மணி அடிக்கலாம். எப்போது வர வேண்டும் என்று அதில் இல்லை. மத்தியானமே வந்துவிடுங்கள் என்று சாமுவேல் கெஞ்சினார். ஐயர் மறுத்துவிட்டார். "ரெட்டியார் வாக்கை இழுத்து நீட்டினார் என்று கோபப்படுகிறோம். நாம் அதை இழுத்து மடக்குவதா? துரை கேட்டது ஐந்து மணி. ஐந்துதான்." சாமுவேலுக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது, ஆனால் நான் நாற்று நடுகிறவன் இல்லை.

அடுத்த புதன்கிழமை ரெட்டியார் வாசலில் இருந்தார். சடையப்பன் நடந்ததைச் சொல்லவில்லை, ராணியம்மாளும் சொல்லவில்லை.

"ஐயரே, எறங்கு. இந்த நியாயத்தீர்ப்பு நாளு..."

ஐயர் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "மணி அடித்துவிட்டு வருகிறேன், ரெட்டியாரே. நியாயத்தீர்ப்பு அதுவரை காத்திருக்கும். காபி ஆறிப்போனால் பரவாயில்லை."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மணி அடித்தது. கூட்டம் முடிந்ததும் சொன்னபடி திரும்பி வந்தார். ரெட்டியார் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டிருந்தார். "அவருக்குத் தலைவலி" என்றாள் ராணியம்மாள். ஐயர் தனியாக உட்கார்ந்து ஆறிய காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரமும் தலைவலி. அதற்கடுத்த வாரம் வயிற்றுவலி. ஐயர் ஒவ்வொரு வாரமும் வந்து உட்கார்ந்தார். இதில் பழிவாங்கும் எண்ணம் கொஞ்சமும் இல்லை என்றுதான் அவர் சொன்னார். நான் முழுக்க நம்பவில்லை.

சொல்லிக்கொள்ள வேறு உடம்பு உறுப்பு இல்லாமல் போனதும் ரெட்டியார் வெளியே வந்தார்.

"மணிய அடிச்சிட்டே. இனிமே உன்கூடப் பேசி எனக்கு இன்னா லாபம்?"

"ஒன்றும் இல்லை."

"தெரிஞ்சிம் எதுக்கு வர்றே? என்னெ மாத்திப்புடலாம்னா?"

"அந்த ஆசை போய்விட்டது, ரெட்டியாரே. என்னுடைய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கேட்டீர்கள், நான் பதில் சொன்னேன். நீங்கள் நம்பினீர்களா?"

"ஒரு எழுத்து நம்பல!" ரெட்டியார் உட்கார்ந்துவிட்டார். "மூணு ஒண்ணாவும்னு நீ சொன்னியே, மழை, ஏரி, கால்வாயி, மூணும் ஒரே தண்ணின்னு. ஏரித் தண்ணிய மடைகாரன் அடைக்கலாம். மழைய எவன் அடைப்பான்? அப்ப ரெண்டும் எப்டி ஒண்ணு? அஞ்சு வருசமா இதெ வாயில வெச்சிக்கினு, கேக்கவும் முடியாம, தலைய ஆட்டிக்கினு கீறேன். கேட்டா நீ கோச்சிக்கினு கெளம்பிடுவியோன்னு."

ஐயருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஆதியாகமத்துக்கும் போகாமல் உட்கார்ந்திருந்தார். "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று எழுந்தார்.

அந்த வாரம் முழுக்க என் அலமாரியில் இருந்த புத்தகங்களைப் புரட்டினார். பதில் ஒன்று கொண்டுபோனார். ரெட்டியார் அதை உடைத்தார். இன்னொன்று கொண்டுபோனார்; அதற்கும் அதே கதி. புதன்கிழமை ஆறு மணிக்கு மேல் அந்த வாசலில் கேட்ட சத்தத்தைச் சண்டை என்று நினைத்து பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். இதை நட்பு என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இருவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ரெட்டியார் மனம் மாறவில்லை. ஐயரின் பிரசங்கம் மட்டும் பாதியாகக் குறைந்தது. எதிரில் ஒருவன் உடைப்பான் என்ற பயம் வந்துவிட்டது போலிருக்கிறது. பெண்கள் ஐந்து மணிக்குக் கரையேறிச் சந்தைக்குப் போனார்கள்.

1982இல் மாநாட்டில் அவர் பெயரை வாசித்தார்கள். சித்தூர்ப் பக்கம் ஓர் ஊர். உத்திரமேரூருக்கு இனித் தனிப் போதகர் இல்லை. வேறொரு சேகரத்து ஐயர் மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். ஐயரம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தபோது ஐயர் சுவர் ஓரமாக வந்து நின்று, "புதன்கிழமைக்கு யாரும் இல்லை" என்றார். சைக்கிள் வராவிட்டால் மணி இல்லை. மணி இல்லாவிட்டால் கரையேற முடியாது. காலனிக்கு அது எப்போதோ புரிந்துவிட்டது. அவரை வழியனுப்பும்போது அவர்கள் அழுத அழுகையில் பாதி அந்த ஐந்து மணிக்காகத்தான் இருக்கும். அதில் தப்பும் இல்லை.

கடைசிப் புதன்கிழமை, நானும் கூடப் போனேன். ஜெபம் முடிந்ததும் ஐயர் சாமுவேலையும் செங்கேணியையும் அழைத்துக்கொண்டு ரெட்டியார் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ரெட்டியாரே, உங்கள் அப்பா வாக்கைத் துரைக்குக் கொடுத்தார். துரை போய்விட்டார். அதை நான் வைத்திருந்தேன். நானும் போகிறேன். கழனியில் நிற்கிறது நாங்கள் இல்லை. வாக்கை இவளிடம் கொடுத்துவிடுங்கள்."

ரெட்டியார் செங்கேணியைப் பார்த்தார். அவர் வீட்டில் அவள் கையில் கூலியைக் கொடுத்திருக்கிறார்கள், வாக்கைக் கொடுத்ததில்லை.

"இவகிட்டயா? இன்னா பேச்சு இது? கட்டு இன்னா சொல்லுது? ஐயரு வந்தாத்தான் மணி."

"ஐயரு வராட்டி பொயுது சாயாதா, நைனா?" என்றாள் செங்கேணி.

"பொயுது தானா சாயும். நீ சாய வெக்க வாணாம்."

"வாக்குகூட வாணாம். கம்பி போதும், புதன்கெயமை நானே அடிச்சிக்கிறேன். ஜெப வூட்டு எடம் அது, ஐயரு சொன்னா சாமுவேலு அண்ணன் குடுக்கும். நீங்க குறுக்க வராம இருந்தாப் போதும்."

"உனக்கு மணி இன்னான்னு எப்டி தெரியும்? கையில கடியாரமா கீது? நாலு மணிக்கே அடிச்சிட்டு அஞ்சுன்னுவே."

"அஞ்சு மணி பஸ்ஸு இந்த ஏரிக்கரையிலதானே திரும்புது? பஸ்ஸு தலை தெரிஞ்சா அடிக்கிறேன். தெரியலன்னா நடறேன். நாயந்தானே?"

இதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் ரெட்டியார் ஐயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இத்தனை வருட வாதத்தில் அவர் இப்படி மாட்டிக்கொண்டதை ஐயர் பார்த்ததில்லை. பிறகு ரெட்டியாரின் முகம் மெல்லத் தெளிந்தது.

"சரிதான். பஸ்ஸு என் வூட்டு வாசல்லதானே போவுது? டைவரும் மன்சந்தானே? அவனுக்கும் ஒரு காபி, நாலு பஜ்ஜி குடுத்து ஆத்துமான்னா இன்னான்னு கேட்டா ஆச்சு."

"கேளுங்க, நைனா" என்றாள் செங்கேணி. "பஸ்ஸுல நாப்பது பேரு கீறாங்க. அத்தினி பேருக்கும் பஜ்ஜி போட வூட்டம்மா எண்ணெ டின்னுல எண்ணெ கீதான்னு மொதல்ல உள்ள போயி கேட்டுக்கினு வாங்க."

"இல்ல!" என்று உள்ளேயிருந்து ராணியம்மாள் கத்தினாள்.

ஐயர் சிரித்ததில் சைக்கிள் கையிலிருந்து நழுவியது. ரெட்டியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சரி, அடிச்சித் தொலை" என்றார் செங்கேணியிடம்.

அப்பா கொடுத்தது வெற்றிலை பாக்கோடு. மகன் கொடுத்தது இப்படி. ஆனால் இதில் நீட்டவோ மடக்கவோ இடம் இல்லை. அடுத்த வருடம் நடவு சமயத்தில் ஒரு புதன்கிழமை நான் அந்தப் பஸ்ஸில் போக நேர்ந்தது. ஏரிக்கரை திரும்பியதும் தண்டவாளம் ஒலித்தது. கழனியில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ரெட்டியார் வாசலில் உட்கார்ந்து பஸ்ஸைப் பார்த்தபடி இருந்தார். அவர் கை காட்டவில்லை. டிரைவரும் நிறுத்தவில்லை.